நான்கால் வகுபட்டும் லீப் ஆண்டு ஆகாத ஆண்டுகள்

முன்னாள் பிரதமர் மொரார்ஜி தேசாய் பிறந்தது 1896 பிப்ரவரி 29. நான்கு ஆண்டுக்கு ஒரு முறை வரவேண்டிய பிறந்த நாள் அவருக்கு முதன்முதலாக வந்தது 1904இல். அப்போது வயது எட்டு. அதே 1904 பிப்ரவரி 29 அன்று மதுரையில் பிறந்தவர் கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல். அவர் நான்காம் ஆண்டிலேயே, 1908இல், தம் பிறந்த நாளைக் கண்டுவிட்டார்.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் 1900ஆம் ஆண்டு. நான்கால் மீதியின்றி வகுபடும் ஆண்டு லீப் ஆண்டு என்றுதான் பள்ளியில் சொல்லித்தருகிறார்கள். 1900 நான்கால் வகுபடும். ஆனாலும் அந்த ஆண்டின் பிப்ரவரி 28 நாளோடு முடிந்தது. 2000ஆம் ஆண்டிலோ 29 நாள் இருந்தது. 2100இல் மறுபடியும் 28 நாள்தான். 2096இல் பிறக்கும் லீப் நாள் குழந்தைகளும் மொரார்ஜியைப் போல எட்டு ஆண்டு காத்திருப்பார்கள்.

முழு விதி மூன்று படி கொண்டது. நான்கால் வகுபடும் ஆண்டு லீப் ஆண்டு. ஆனால் 100ஆல் வகுபட்டால் அது சாதாரண ஆண்டு. அந்த நூற்றாண்டு ஆண்டே 400ஆலும் வகுபட்டால் மீண்டும் லீப் ஆண்டு. ஒரு விதி, அதற்கு ஒரு விலக்கு, விலக்குக்கு இன்னொரு விலக்கு என்று இது போவதைப் பார்த்தால் யாரோ ஒட்டுப்போட்டுத் தைத்தது போலத் தெரியும். உண்மையும் ஏறக்குறைய அதுதான். முதல் படிக்கும் மற்ற இரண்டுக்கும் இடையே பதினாறு நூற்றாண்டு இடைவெளி இருக்கிறது.

ஓர் ஆண்டில் எத்தனை நாள்?

பூமி தன்னைத்தானே ஒரு முறை சுற்றுவது நாள். சூரியனை ஒரு முறை சுற்றிவருவது ஆண்டு. இரண்டும் தனித்தனி இயக்கங்கள். ஒன்றுக்கொன்று கணக்கு ஒப்படைக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஆகவே ஆண்டுக்குள் நாட்கள் முழு எண்ணாக அடங்குவதில்லை.

பருவங்கள் ஒரு சுற்றுச் சுற்றி மீண்டும் அதே இடத்துக்கு வர 365 நாள் 5 மணி 48 நிமிடம் 45 வினாடி ஆகிறது. இதைப் பருவ ஆண்டு என்று அழைக்கலாம். நாட்காட்டியில் 365 நாள் மட்டும் வைத்தால், ஆண்டுதோறும் கிட்டத்தட்ட கால் நாள் விடுபடும். நான்கு ஆண்டில் ஒரு நாள், நூறு ஆண்டில் 24 நாள். இப்படியே விட்டால் எழுநூறு, எண்ணூறு ஆண்டுகளில் ஜூன் மாதம் குளிர்காலத்துக்கு வந்துவிடும். பண்டைய எகிப்தியரின் 365 நாள் ஆண்டு இப்படித்தான் பருவங்களின் ஊடே நகர்ந்துகொண்டிருந்தது. பொ.ஆ.மு. 238இல் மூன்றாம் தாலமி காலத்துக் கனோபஸ் ஆணை, நான்கு ஆண்டுக்கு ஒரு நாள் கூட்டச் சொன்னது. அது நடைமுறையில் நிலைக்கவில்லை.

மார்ச் 20, பிற்பகல் ஒரு மணி

விதி எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்க்க, வானத்தில் ஒரு குறியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தெற்கிலிருந்து வடக்கு நோக்கி வரும் சூரியன் மார்ச் மாதத்தில் ஒரு கணத்தில் நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே வருகிறது. அன்று பகலும் இரவும் ஏறக்குறையச் சமம். இந்தக் கணத்தைச் சமநாள் என்று குறிப்பிடுவோம்.

2000ஆம் ஆண்டில், இந்திய நேரப்படி, சமநாள் வந்தது மார்ச் 20 பிற்பகல் 1 மணி 5 நிமிடத்தில். அடுத்த ஆண்டு அது ஏறத்தாழ ஆறு மணி நேரம் தள்ளி, அதே தேதியின் இரவு 7 மணிக்கு வந்தது. 2002இல் நள்ளிரவைத் தாண்டி மார்ச் 21, 12 மணி 46 நிமிடம். 2003இல் மார்ச் 21 காலை ஆறரை. நிலவும் மற்ற கோள்களும் பூமியைச் சற்றே இழுப்பதால் ஆண்டுக்கு ஆண்டு சில நிமிடம் முன்பின்னாகும். போக்கு மட்டும் மாறாது. இப்படியே விட்டிருந்தால் 2004இல் சமநாள் மார்ச் 21 நண்பகலுக்குப் போயிருக்கும். ஆனால் அதற்குள் பிப்ரவரி 29 என்ற ஒரு நாள் உள்ளே நுழைந்துவிட்டது. அதனால் சமநாள் தேதியில் ஒரு படி பின்வாங்கி, மார்ச் 20 நண்பகல் 12 மணி 19 நிமிடத்தில் நின்றது.

கிட்டத்தட்ட பழைய இடத்துக்கே வந்துவிட்டது, ஆனால் சரியாக வரவில்லை. 2000இல் 1 மணி 5 நிமிடம். 2004இல் 12 மணி 19 நிமிடம். முக்கால் மணி நேரம் முந்திவிட்டது. காரணம் எளிது. ஆண்டுக்கு மிஞ்சுவது முழு ஆறு மணி நேரம் அல்ல, அதற்கு 11 நிமிடம் 15 வினாடி குறைவு. நான்கு ஆண்டுக்கு அது 45 நிமிடம். ஒரு முழு நாளைச் சேர்த்தபோது, சேர்க்க வேண்டியதைவிட முக்கால் மணி நேரம் அதிகமாகச் சேர்த்துவிட்டோம்.

முக்கால் மணி நேரம் அற்பமாகத் தோன்றும். நூறு ஆண்டில் இப்படி 25 தடவை. மொத்தம் 18 மணி 45 நிமிடம், அதாவது ஒரு நாளில் பெரும்பகுதி. எனவே நூற்றாண்டுக்கு ஒரு லீப் நாளை எடுத்துவிட்டால் பெரும்பாலும் சரியாகும். 1900இல் நடந்தது அதுதான். ஆனால் தேவைப்பட்டது 18 மணி 45 நிமிடம், எடுத்ததோ 24 மணி நேரம். இப்போது பிழை எதிர்ப்பக்கம் சாய்கிறது: நூற்றாண்டுக்கு ஐந்தேகால் மணி நேரம் கூடுதலாக எடுத்துவிட்டோம். நான்கு நூற்றாண்டில் அது 21 மணி நேரமாகச் சேரும். ஆகவே நான்காவது நூற்றாண்டில் நாளை எடுக்காமல் விட்டுவிடலாம். 2000ஆம் ஆண்டு லீப் ஆண்டானது இப்படித்தான்.

400 ஆண்டுக்குப் பிறகு மிஞ்சும் பிழை மூன்றே மணி நேரம். ஆண்டுக்குப் பிரித்தால் 27 வினாடி.

ரோமில் எண்ணத் தெரியாத பூசாரிகள்

ரோமானியரின் பழைய ஆண்டு 355 நாள் கொண்டது. குறைவை ஈடுகட்ட அவ்வப்போது ஒரு மாதத்தையே செருகுவார்கள். எப்போது செருகுவது என்று தீர்மானித்தவர்கள் பூசாரிகள். அவர்களோ அரசியல்வாதிகளாகவும் இருந்தார்கள். வேண்டியவர் பதவியில் இருந்தால் ஆண்டு நீளும், வேண்டாதவர் இருந்தால் சுருங்கும். ஜூலியஸ் சீசர் காலத்தில் நாட்காட்டி பருவங்களைவிட்டு இரண்டு மாதத்துக்கும் மேல் விலகிப் போயிருந்தது. அவர் அலெக்சாந்திரியாவின் சோசிஜெனஸ் என்ற வானியலாளரின் ஆலோசனையைக் கேட்டார். பொ.ஆ.மு. 46ஆம் ஆண்டை 445 நாள் வரை நீட்டி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சரிசெய்தார். மறு ஆண்டிலிருந்து 365 நாள், நான்கு ஆண்டுக்கு ஒரு முறை ஒரு நாள் கூடுதல். இதுவே ஜூலியன் நாட்காட்டி.

இவ்வளவு எளிய விதியிலும் உடனே பிழை நேர்ந்தது. ரோமானியர் எண்ணும்போது தொடங்கும் ஆண்டையும் சேர்த்தே எண்ணுவார்கள். ஒரு லீப் ஆண்டை ஒன்று என்று வைத்து நான்கு எண்ணினால் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை லீப் ஆண்டு வரும். சீசர் கொலையுண்ட பின், விளக்கம் கேட்க ஆளில்லாமல், பூசாரிகள் இப்படியே 36 ஆண்டு நடத்தினார்கள். ஒன்பது லீப் நாள் வரவேண்டிய இடத்தில் பன்னிரண்டு வந்தது. பேரரசர் அகஸ்டஸ் சில லீப் நாட்களைத் தவிர்க்கச் செய்து கணக்கை நேராக்கினார். பொ.ஆ. 8ஆம் ஆண்டு முதல் விதி ஒழுங்காக நடக்கத் தொடங்கியது.

பத்து நாள் இல்லாத அக்டோபர்

ஜூலியன் நாட்காட்டியின் 11 நிமிடப் பிழை பல நூற்றாண்டு யாரையும் உறுத்தவில்லை. உழவருக்கு ஒரு நாள் முன்பின் பெரிதல்ல. உறுத்தியது ஈஸ்டர் பண்டிகையின் தேதி. சமநாளுக்குப் பின் வரும் முழுநிலவை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமையே ஈஸ்டர். 325ஆம் ஆண்டு நைசியாவில் திருச்சபைப் பேரவை கூடிய காலத்தில் சமநாள் மார்ச் 21ஐ ஒட்டி வந்ததால், திருச்சபையின் கணக்கு அந்தத் தேதியையே நிலையாக வைத்துக்கொண்டது. வானம் அப்படி வைத்துக்கொள்ளவில்லை. அங்கிருந்து 1582 வரை 1257 ஆண்டு. ஆண்டுக்கு பதினொன்றேகால் நிமிடம் வீதம் பெருக்கினால் ஏறக்குறையப் பத்து நாள். உண்மையான சமநாள் மார்ச் 11க்கு வந்திருந்தது.

தீர்வைத் தந்தவர் இத்தாலியின் கலாபிரியா பகுதியைச் சேர்ந்த லூயிஜி லீலியோ என்ற மருத்துவர். அவர் 1576இல் இறந்துவிட, அவருடைய சகோதரர் கையெழுத்துப் படியை ரோமில் கொண்டுபோய்க் கொடுத்தார். அதை ஆராய்ந்து, பின்னர் எதிர்ப்பாளர்களுக்கு விரிவாக விடை எழுதியவர் இயேசு சபைக் கணிதவியலாளர் கிறிஸ்டோபர் கிளாவியஸ். திருத்தந்தை பதின்மூன்றாம் கிரிகோரி 1582 பிப்ரவரி 24 தேதியிட்டு ஆணை பிறப்பித்தார். நாட்காட்டியும் கிரிகோரியன் என்று அவர் பெயரையே பெற்றது.

லீலியோவின் திறமை துல்லியத்தில் மட்டும் இல்லை. இதைவிட நுட்பமான விதிகளை வகுக்க முடியும். பழைய விதியில் 400 ஆண்டுக்கு மூன்றே மூன்று நாளை மாற்றினால் போதும் என்பதும், எந்த ஆண்டுகள் அவை என்பதைப் பஞ்சாங்கம் இல்லாமலே யாரும் சொல்லிவிடலாம் என்பதும்தான் அவர் யோசனையின் பலம். இன்றைய நாட்காட்டி உலகெங்கும் நிலைத்ததற்கு அதன் வானியலைவிட இந்த எளிமையே பெரிய காரணம் எனலாம்.

சேர்ந்துவிட்ட பத்து நாளை என்ன செய்வது? 1582 அக்டோபர் 4 வியாழக்கிழமை; மறுநாள் அக்டோபர் 15 வெள்ளிக்கிழமை என்று ஆணை சொன்னது. தேதி தாவியது, கிழமை தாவவில்லை. இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகல், போலந்து ஆகியவை உடனே ஏற்றன. ஸ்பெயினில் அவிலா நகர்ப் புனித தெரேசா இறந்தது அந்த அக்டோபர் 4 இரவில். அடுத்த நாள் நடந்த அவருடைய அடக்கத்தின் தேதி அக்டோபர் 15.

சென்னையில் 10, புதுச்சேரியில் 21

சீர்திருத்தம் போப்பிடமிருந்து வந்ததால் புராட்டஸ்டன்ட் நாடுகள் முகம் திருப்பின. இங்கிலாந்து 170 ஆண்டு இழுத்தடித்தது. இந்தப் பிணக்கு சோழமண்டலக் கரையிலும் தெரிந்தது. 1746இல் லா பூர்தொனே தலைமையில் வந்த பிரெஞ்சுக் கப்பற்படை சென்னையின் செயின்ட் ஜார்ஜ் கோட்டையைப் பிடித்தது. கோட்டை சரணடைந்த நாள் ஆங்கிலேயர் ஏடுகளில் செப்டம்பர் 10. பிரெஞ்சுக்காரர் ஏடுகளில் செப்டம்பர் 21. நடந்தது ஒரே நாள். அக்காலத்துப் புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிய நாட்குறிப்பில் தமிழ்த் தேதியோடு பிரெஞ்சுக்காரரின் புதிய தேதி இருக்கும். அதை ஆங்கிலேயர் ஆவணங்களோடு ஒப்பிடுகிறவர்கள் 1752 வரை 11 நாளைக் கூட்டிக் கழித்தே படிக்க வேண்டும்.

பத்து நாள் எப்படிப் பதினொன்று ஆயிற்று? 1700ஆம் ஆண்டு ஜூலியன் கணக்கில் லீப் ஆண்டு, புதிய கணக்கில் இல்லை. தாமதித்தவர்களுக்கு ஒரு நாள் கூடிவிட்டது. பிரிட்டனும் அதன் ஆட்சிப்பகுதிகளும் 1752 செப்டம்பர் 2 புதன்கிழமைக்கு மறுநாளைச் செப்டம்பர் 14 வியாழக்கிழமை என்று எண்ணின. பறிகொடுத்த 11 நாளைத் திருப்பித் தரக் கோரி மக்கள் கலகம் செய்ததாக ஒரு கதை உண்டு. ஓவியர் ஹோகார்த் தேர்தலைக் கிண்டல் செய்து வரைந்த படம் ஒன்றிலிருந்து கிளம்பிய கதை அது. வரலாற்றாசிரியர்கள் பலர் அதை நம்புவதில்லை.

சுவீடனின் அனுபவம் இதைவிட வினோதம். ஒரேயடியாக நாட்களை வெட்டாமல், 1700 முதல் 40 ஆண்டுக்கு லீப் நாட்களை மட்டும் விட்டுவிடலாம் என்று அந்நாடு முடிவு செய்தது. இந்த மெதுவான வழியையும் லீலியோவே ஒரு மாற்றாகச் சொல்லியிருந்தார். 1700இல் லீப் நாளை விட்டார்கள். பிறகு போர் மூண்டது; 1704இலும் 1708இலும் மறந்துபோய் லீப் நாளைச் சேர்த்துவிட்டார்கள். விளைவாகச் சுவீடனின் தேதி பழைய நாட்காட்டியோடும் ஒத்துவரவில்லை, புதியதோடும் ஒத்துவரவில்லை. மன்னர் பன்னிரண்டாம் சார்லஸ் வெறுத்துப்போய்ப் பழையதற்கே திரும்பினார். தவறிய ஒரு நாளை ஈடுகட்ட, 1712இல் சுவீடனில் பிப்ரவரி 30 என்று ஒரு தேதி வந்தது. கடைசியில் 1753இல் அந்நாடும் ஒரே தாவலில் மாறியது.

ரஷ்யா 1918இல் மாறியது; ஜனவரி 31க்கு மறுநாள் பிப்ரவரி 14. அக்டோபர் புரட்சியின் ஆண்டு விழா நவம்பர் 7இல் வந்தது இதனால்தான். கிரேக்கம் 1923 வரை காத்திருந்தது.

பொங்கல் சில ஆண்டு 14, சில ஆண்டு 15

தமிழ் ஆண்டுக்கு லீப் விதி எதுவும் கிடையாது. தேவையும் இல்லை. சூரியன் ஒரு ராசியில் நுழையும் கணத்தைப் பஞ்சாங்கம் கணிக்கிறது. அது சூரிய மறைவுக்கு முன் நேர்ந்தால் அன்றே மாதப்பிறப்பு. பின்னால் நேர்ந்தால் மறுநாள். மாதங்கள் 29 முதல் 32 நாள் வரை தாமாகவே அமைந்துகொள்ளும். ஆண்டும் சில முறை 365, சில முறை 366 என்று அமையும். சமநாள் தெஹ்ரானில் நண்பகலுக்கு முன்னா பின்னா என்று பார்த்துப் புத்தாண்டைத் தீர்மானிக்கும் ஈரானிய நாட்காட்டியும் இதே வகை. மனக்கணக்காகச் சொல்ல முடியாது என்பதே இவ்வகை நாட்காட்டிகளின் ஒரே குறை.

மகர ராசியில் சூரியன் நுழையும் நேரம் ஆண்டுக்கு ஏறத்தாழ 6 மணி 10 நிமிடம் தள்ளிப்போகிறது. 2019, 2020 பொங்கல்கள் ஜனவரி 15இல் வந்தன. 2020 பிப்ரவரி 29 ஒரு நாள் பின்னிழுத்ததால் 2021, 2022 பொங்கல்கள் 14இல் வந்தன. 2023, 2024இல் மீண்டும் 15. 2024 பிப்ரவரி 29க்குப் பின் 2025இல் மீண்டும் 14. பொங்கல் தேதியின் இந்த ஆட்டம் முழுக்க முழுக்க ஆங்கில நாட்காட்டியின் லீப் நாள் செய்யும் வேலை.

இதற்கு அடியில் மெதுவான இன்னொரு நகர்வும் உண்டு. தமிழ்ப் பஞ்சாங்கம் பருவ ஆண்டைப் பின்பற்றுவதில்லை. விண்மீன்களின் பின்னணியில் சூரியன் அதே இடத்துக்குத் திரும்புவதைக் கணக்கிடுகிறது. அது பருவ ஆண்டைவிட இருபது நிமிடத்துக்கும் மேல் நீளமானது. ஆகவே ஏறக்குறைய 60, 70 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் தைப்பிறப்பு தள்ளிப்போகிறது. விவேகானந்தர் மகர சங்கராந்தி அன்று பிறந்தார். அந்த நாள் 1863 ஜனவரி 12. தை முதல் நாளை உத்தராயணத் தொடக்கம், அதாவது சூரியன் வடக்கே திரும்பும் நாள், என்கிறார்கள். உண்மையில் அது டிசம்பர் 21 அல்லது 22இல் நடந்துவிடுகிறது. தை முதல் நாள் அதற்கு மூன்று வாரம் கழித்தே வருகிறது. மேகநாத் சாஹா தலைமையிலான நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு 1955இல் தந்த அறிக்கை இந்த விலகலைச் சுட்டிக்காட்டியது. 1957 மார்ச் 22 அன்று நடைமுறைக்கு வந்த தேசிய நாட்காட்டி சக ஆண்டைக் கொண்டது. சக ஆண்டோடு 78ஐக் கூட்டி, அந்த எண்ணுக்குக் கிரிகோரியன் விதியையே பொருத்துவது அதன் முறை. அரசிதழின் தலைப்பில் அந்தத் தேதி இருக்கும். மக்கள் பண்டிகைகளைப் பழையபடியே கொண்டாடுகிறார்கள்.

கணினிகளின் குழப்பம்

லீப் விதி எளியதுதான். ஆனாலும் மென்பொருள் எழுதுகிறவர்கள் அதில் அடிக்கடி இடறியிருக்கிறார்கள். 1980களில் பரவிய லோட்டஸ் 1-2-3 என்ற கணக்குத்தாள் மென்பொருள் 1900ஐ லீப் ஆண்டாக எண்ணியது. அதனோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக எக்செல் அந்தப் பிழையைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டது. இன்றும் அதில் 1900 பிப்ரவரி 29 என்ற இல்லாத தேதி இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் 366ஆவது நாளை எதிர்பாராத கட்டுப்பாட்டுக் கணினிகள், நியூசிலாந்தின் டிவாய் பாயிண்ட் அலுமினிய உருக்காலையில் ஒரே நேரத்தில் நின்றன; இரண்டு மணி நேரம் கழித்து, அங்கே நள்ளிரவு வந்தபோது, டாஸ்மேனியாவின் பெல் பே ஆலையிலும் அதுவே நடந்தது.

2000ஆம் ஆண்டில் ஒரு வேடிக்கை. நான்கால் வகுத்தால் போதும் என்று முதல் படியோடு நின்ற நிரல்கள் சரியான விடை தந்தன. 100 பற்றிய விலக்கை அறிந்து, 400 பற்றியதை அறியாமல் எழுதப்பட்டவையே தவறின. முதல் வகை நிரல்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் 2100இல் அவற்றின் முறை வரும்.

எவ்வளவு காலம் தாங்கும்?

ஆண்டுக்கு 27 வினாடி என்பது ஒரு முழு நாளாக வளர 3200 ஆண்டு ஆகும். 4000ஆம் ஆண்டை மட்டும் சாதாரண ஆண்டாக வைக்கலாம் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் வானியலாளர் ஜான் ஹெர்ஷல் யோசனை சொன்னார், யாரும் ஏற்கவில்லை. 1923இல் செர்பிய அறிவியலாளர் மிலான்கோவிச் இன்னொரு விதி வகுத்தார். நூற்றாண்டு ஆண்டை 900ஆல் வகுத்து, மீதி 200 அல்லது 600 வந்தால் மட்டுமே லீப் ஆண்டு. பிழை ஆண்டுக்கு மூன்று வினாடிக்குள் அடங்கிவிடும். கிழக்கத்திய கிறிஸ்தவத் திருச்சபைகள் சில இதைப் பின்பற்றுகின்றன. 2000, 2400 இரண்டிலும் இரு விதிகளும் ஒத்துப்போகும். முதன்முதலாக முரண்படுவது 2800இல்: கிரிகோரியன் கணக்கில் அது லீப் ஆண்டு, மிலான்கோவிச் கணக்கில் இல்லை.

ஆனால் எந்த விதியும் இவ்வளவு தொலைவுக்குத் துல்லியமாக இருக்க முடியாது. கடல் ஏற்ற இறக்கங்களின் உராய்வால் பூமி சுழலும் வேகம் குறைந்துவருகிறது. நூற்றாண்டுக்கு ஏறத்தாழ ஒரு வினாடியின் ஆயிரத்தில் இரண்டு பங்கு அளவு நாள் நீள்கிறது. நாள் நீண்டால் ஆண்டுக்குள் அடங்கும் நாட்களின் எண்ணிக்கை குறையும். 27 வினாடிப் பிழை மெல்லப் பெருகும். கடிகாரங்களைப் பூமியோடு பொருத்த 1972 முதல் 27 முறை சேர்க்கப்பட்ட லீப் வினாடி, லீப் நாளோடு தொடர்பில்லாதது. பூமியின் சுழற்சி சீரற்றது என்பதற்கு அது ஒரு சான்று மட்டுமே. அந்தச் சீரின்மையின் அளவை இன்றே கணித்துச் சொல்ல வழியில்லை. ஆகவே அந்த ஒரு நாளை எந்த ஆண்டில் விடுவது என்பதை, அதற்கான காலம் நெருங்கும்போது அன்றைய அளவீடுகளை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.